உங்களுக்குத் தெரியுமா? ஆழ்கடலுக்கு ஒதுங்கிய சிப்பிகள்

◆ திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரப் பாறைகளில் கிடைத்த அம்மோனைட் என்ற சுருள் ஓடுகளையும் சங்கு, சிப்பிகளையும் ஆராய்ந்து 1846ல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே பொறுக்கிச் சேர்த்ததை லண்டனில் வைத்துப் பிரித்துப் பார்த்துப் பெயரிட்டார். இதே ஃபோர்ப்ஸ்தான், கடலில் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இருக்காது என்று சொன்னவரும். 1841, 42ல் 'பீக்கன்' என்ற கப்பலில் போய் ஏஜியன் கடலின் அடியைச் சுரண்டி எடுத்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்தன. அப்படியே குறைந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் ஒன்றுமே இருக்காது என்று கணக்குப் போட்டார். ஏஜியன் கடலின் அடித்தரை இயல்பிலேயே உயிர் குறைந்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது.

சங்கு, சிப்பி உள்ளிட்ட மெல்லுடலிகளை அவ்வளவு நேசித்த மனிதர். 39 வயதில், 1854ல் இறந்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால், தன் கணக்கு உடைந்ததைப் பார்த்து முதலில் மகிழ்ந்திருப்பவர் அவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

◆ உடைத்தது தந்திக் கம்பி. மத்தியதரைக் கடலில் சார்டினியாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே போட்ட கேபிள் அறுந்துபோக, 1860ல் அதை மேலே இழுத்தார்கள். 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த பகுதியில் பவளமும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன.

◆ அடுத்து எதிர்த்திசையில் ஓர் ஆசை கிளம்பியது. ஆழ்கடலில் உயிர் உண்டு என்றால், பாறையில் மட்டுமே பார்த்த பழைய உயிர்களெல்லாம் அங்கே ஒளிந்திருக்கலாமே! 1872ல் புறப்பட்ட 'சேலஞ்சர்' கப்பலின் ஆய்வாளர்கள் பலருக்கும் இந்த எதிர்பார்ப்பு இருந்தது. மூன்றரை ஆண்டு உலகைச் சுற்றினார்கள். அம்மோனைட் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

◆ அப்படியானால் ஆழ்கடல் உயிர்களின் புதைபடிவங்கள் எங்கே கிடைக்கும்? அநேகமாக ஆழ்கடலில் அல்ல. கடல்தரை நிலையானது இல்லை. நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிதாகப் பிறந்து, மெல்ல நகர்ந்து, அகழிகளில் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பெருங்கடல்களின் அடித்தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதியைக் காண்பது அரிது. போதாததற்கு, நான்கைந்து கிலோமீட்டருக்குக் கீழே குளிரும் அழுத்தமும் சேர்ந்து சுண்ணாம்பு ஓட்டையே கரைத்துவிடும். இன்று ஆழத்தில் வாழும் பல பழங்குடும்பங்களின் முன்னோர்கள் கிடைப்பது, ஒரு காலத்தில் ஆழமற்ற கடலாக இருந்து இப்போது நிலமாகிவிட்ட இடங்களில். பிற்காலத்தில்தான் இவை கீழே இறங்கியிருக்கின்றன. இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகும் உயிர்களைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

◆ இனி, இருபதாம் நூற்றாண்டு விலங்கியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 42 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. அவற்றில் கூம்பு வடிவத்தில் தட்டையான சிறு ஓடுகள் கிடைத்தன. பைலினா என்று பெயர். பார்த்தால் கடலோரப் பாறையில் ஒட்டியிருக்கும் சாதாரண நத்தையின் ஓடு. ஆனால் உள்பக்கத்தில் தசை ஒட்டியிருந்த தழும்புகள் இடமும் வலமும் ஜோடி ஜோடியாக வரிசை கட்டியிருந்தன. நத்தையின் உடல் வளர்ச்சியில் முறுக்கிக்கொள்ளும். அதற்கு இப்படி ஒழுங்கான ஜோடித் தழும்புகள் இருக்க நியாயமில்லை. இது நத்தைக் கூட்டத்துக்கே முந்திய வேறு ஏதோ உயிர் என்று சிலர் ஊகித்தார்கள். 1930களின் கடைசியில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் வென்ஸ் அதை வலுவாக எழுதினார். உடலைப் பார்த்தவர் யாருமில்லை. கடைசிப் புதைபடிவங்கள் டெவோனியன் காலத்தவை. 38 கோடி ஆண்டுகளாகச் சுவடே இல்லை.

1952 மே 6. டென்மார்க்கின் 'கலாத்தியா' ஆய்வுக் கப்பல் மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரைக்கு அப்பால் 3,570 மீட்டர் ஆழத்தில் இழுவலை போட்டது. களிமண் சேற்றோடு வந்தவற்றில் உடலோடு கூடிய பத்து உயிர்களும் மூன்று வெற்று ஓடுகளும் இருந்தன. பெரியது நாலு சென்டிமீட்டரைத் தொடவில்லை. கப்பலில் யாருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை. சாராயத்தில் ஊறவைத்து கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார்கள். ஓடில்லாத கடல் நத்தைகளில் தேர்ந்த ஹென்னிங் லெம்கே அதை ஆராய்ந்து 1957ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எட்டு ஜோடித் தசைகள். கல்லில் தெரிந்த தழும்புகளுக்கு உரிய தசைகள், சதையும் நரம்புமாக எதிரே இருந்தன. அதோடு செவுள்களும் சிறுநீரகங்களும்கூட ஜோடி ஜோடியாக வரிசையில். கண் இல்லை. சேற்றைத் தின்று வாழ்கிறது. நியோபைலினா கலாத்தியே என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வெற்று ஓட்டின் தழும்பை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்காத உடலைப் பற்றிச் சரியாக ஊகித்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ஆகப் பெரிய வியப்பு.

◆ லெம்கே ஒன்றில் சறுக்கினார். உறுப்புகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, மெல்லுடலிகள் மண்புழு போன்ற கண்டமுள்ள உயிர்களிலிருந்து வந்தவை என்று வாதாடினார். இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. நியோபைலினாவின் கூட்டம் மெல்லுடலிக் குடும்ப மரத்தில் எந்தக் கிளை என்பதும் மரபணுக்களைப் படித்த பிறகும் முடிவாகவில்லை. 2011ல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதைக் கணவாய், ஆக்டோபஸ் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தது. பின்னர் வந்தவை வேறு இடம் சொல்கின்றன.

◆ இரண்டாவது இனம் சிக்க அதிக நாள் ஆகவில்லை. 1958ல் 'வேமா' என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள அகழியில், 5,800 மீட்டர் ஆழத்தில் எடுத்தது. இன்று 30க்கு மேற்பட்ட இனங்கள் தெரியும். எல்லாமே அதலபாதாளத்தில் இல்லை. கலிபோர்னியா அருகே ஒன்று 200 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில்கூட வாழ்கிறது. அண்டார்டிகா பக்கத்தில் உள்ள ஒரு வகை முழு வளர்ச்சியிலும் ஒரு மில்லிமீட்டர்தான்.

◆ அதைவிடச் சுவையான ஒன்று. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஓடு அசோர்ஸ் தீவுகளருகே கிடைத்து, 1896லேயே சாதாரண நத்தை என்று பெயரிடப்பட்டு அருங்காட்சியக இழுப்பறைக்குள் போய்விட்டது. அது யார் என்று உணர்ந்து சொன்னது 1983ல். 'கலாத்தியா'வின் வலைக்கு 56 ஆண்டுக்கு முன்பே இந்த உயிர் மனிதர் கையில் இருந்திருக்கிறது!

◆ அந்தக் கப்பலின் பெயருக்கு நம் தரங்கம்பாடியோடு உறவு உண்டு. 1952ல் போனது இரண்டாவது 'கலாத்தியா'. முதல் 'கலாத்தியா' 1845ல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய பாய்மரக் கப்பல். உலகைச் சுற்றி ஆய்வு செய்யப் போன அதற்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று, ஆங்கிலேயர்களுக்கு விற்றாகிவிட்ட தரங்கம்பாடியைக் கைமாற்றிக் கொடுப்பது. அங்கிருந்து நிக்கோபாருக்கும் போனது. பெரிய நிக்கோபாரில் உள்ள கலாத்தியா விரிகுடா அந்தக் கப்பலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

◆ பிளவுச் சங்கு பார்த்திருக்கிறீர்களா? பம்பரச் சங்கின் வடிவம். வாய் விளிம்பிலிருந்து உள்நோக்கி நீளமாக ஒரு வெட்டு ஓடும். யாரோ உடைத்ததல்ல, பிறவியிலேயே உள்ளது. செவுள்களைக் கழுவிய நீரும் கழிவும் அந்த வழியாக வெளியேறுகின்றன. டைனோசர்கள் காலத்து ஆழமற்ற கடல்களில் இவை ஏராளம். நம் அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் இந்தக் குடும்பத்து ஓடுகள் உண்டு. அதற்குப் பிந்திய பாறைகளில் மளமளவென்று குறைந்துபோயின. எனவே அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

1855ல் கரீபியக் கடலில், குவாடலூப் தீவுகளருகே, மீனவர் ஒருவரின் கூட்டில் புத்தம் புதிதான ஓர் ஓடு வந்தது. உள்ளே இருந்தது துறவி நண்டு. ஓட்டின் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும், ஓடு பழையதில்லை என்பதே போதுமானதாக இருந்தது. 1871ல் லூயி அகாசி 'ஹாஸ்லர்' கப்பலில் இருந்தபடி பார்படோஸ் அருகே ஒன்றை உயிரோடு எடுத்துக் காட்டினார்.

ஜப்பானில் இதன் ஓர் இனத்தை 'கோடீஸ்வரச் சங்கு' என்ற பொருள்பட அழைப்பார்கள். மிசாக்கி கடலாய்வு நிலையத்துக்கு உயிரிகள் பிடித்துத் தந்த குமாகிச்சி அயோக்கி என்ற மீனவருக்கு, இந்தச் சங்குக்காகக் கிடைத்த தொகை அவரைத் திக்குமுக்காட வைத்தது. பணக்காரனாகிவிட்டேன் என்று அவர் மகிழ்ந்து சொன்னதே பெயராக நிலைத்ததாம். கடல்தரைக்கு நேரில் போய்ப் பார்க்க முடியாத அந்த நாளில், ஆய்வாளரின் கண்ணாக இருந்தது மீனவரின் கைதான். குவாடலூப்பிலும் அதேதான், மிசாக்கியிலும் அதேதான். புத்தகங்களில் ஆய்வாளர் பெயர் நிற்கிறது, பிடித்தவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. குமாகிச்சியின் பெயர் நின்றது நல்ல விதிவிலக்கு.

◆ நீர்மூழ்கியில் போய்ப் பார்த்தபோது தெரிந்தது: பிளவுச் சங்கு செங்குத்தான கடலடிப் பாறைச் சுவர்களில் ஊர்ந்து, கடற்பஞ்சுகளைத் தின்கிறது. சீண்டினால் வெண்மையான திரவத்தைக் கொட்டுகிறது. நண்டு கடித்து உடைத்து, மறுபடி வளர்ந்து மூடிய வடுக்கள் பல ஓடுகளில் இருக்கின்றன.

◆ சாளக்கிராமம் என்பது அம்மோனைட். இமயத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இருப்பது, இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலில் நீந்திய உயிரின் சுருள் ஓடு. வயது 15 கோடி ஆண்டு அளவில்.

சுருளைப் பார்த்து, அம்மோனைட்டின் இன்றைய வாரிசு, அதே போலச் சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அம்மோனைட்டுக்கு நெருங்கிய சொந்தம் நாம் மீன் கடையில் வாங்கும் கணவாய்தான். சாட்சி சொன்னது பல். பெரும்பாலான மெல்லுடலிகளின் நாக்கில் அரம் போல வரிசையாகப் பற்கள் இருக்கும். நாட்டிலஸுக்கு ஒரு வரிசையில் 13. அம்மோனைட் புதைபடிவங்களில் 9. கணவாய், ஆக்டோபஸ் கூட்டத்தின் அமைப்பும் அதுவே.

◆ 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்தபோது அம்மோனைட் அழிந்தது, நாட்டிலஸ் குடும்பம் பிழைத்தது. ஏன்? வலுவான விளக்கம் முட்டையில் இருக்கிறது. அம்மோனைட் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவு. மேல்நீரில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்று வளர வேண்டும். வெயில் மறைந்து மேல்நீரின் உணவே அற்றுப்போனபோது அதற்கு வழியில்லை. நாட்டிலஸோ சில முட்டைகளே இடும், ஒவ்வொன்றும் பெரியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து வெளிவரும் குஞ்சின் ஓடே இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும்.

அன்று காப்பாற்றிய அதே மெதுவான வாழ்க்கைதான் இன்று எமனாக இருக்கிறது. நாட்டிலஸ் பருவமடையப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அழகான ஓட்டுக்காகப் பிடித்துத் தீர்த்தால் ஈடுகட்ட அதனால் முடியாது. 2016ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு உண்டு. கடற்கரை ஊர்களின் சங்குக் கடையில் வரிவரியான அந்த ஓட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

◆ நாட்டிலஸ் ஓட்டுக்குள் அறை அறையாக இருக்கும். புதிய அறையில் தேங்கிய நீரை ஒரு மெல்லிய சதைக் குழாய் உறிஞ்சி எடுக்க, வாயு நிறைகிறது. அதனால் மிதக்கிறது. சுமார் 800 மீட்டருக்குக் கீழே போனால் அழுத்தத்தில் ஓடு நொறுங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று தருகிறார்களே, அதுவும் இதே ஏற்பாடுதான்: ஓட்டுக்கணவாயின் உடலுக்குள் போய்விட்ட அறைகள் கொண்ட ஓடு. உடைத்து விளிம்பைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும்.

◆ ஸ்பைருலா என்ற குட்டிக் கணவாயின் உடலுக்குள்ளும் சுருண்ட அறை ஓடு இருக்கிறது. வெற்று ஓடுகள் வெப்பமண்டலக் கடற்கரைகளில் குவியும். உயிரைப் பார்ப்பதுதான் அபூர்வம். 'சேலஞ்சர்' பயணத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஓட்டில் வாயு இருப்பதால் அது தலைகீழாகத் தொங்கும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2020 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு அருகே, 850 மீட்டர் ஆழத்தில் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று அதை முதன்முறையாக அதன் இருப்பிடத்திலேயே படம்பிடித்தது. தலை மேலேதான் இருந்தது.

◆ வேம்பயர் கணவாய் என்றொரு கருஞ்சிவப்பு உயிர். கணவாயுமில்லை, ஆக்டோபஸுமில்லை, தனி வம்சம். அந்த வம்சத்தில் மிச்சம் இது ஒன்றுதான். 1903ல் கார்ல் குன் விவரித்தார். 600 மீட்டருக்குக் கீழே, ஆக்ஸிஜன் மிகவும் குறைந்த, மற்ற வேட்டையாடிகள் தங்க முடியாத நீரடுக்கில் வாழ்கிறது. வேட்டையாடாது. மேலிருந்து பொழியும் செத்த உயிர்த்துகள்களை இரண்டு நீண்ட இழைகளால் சேகரித்து, சளியில் உருட்டித் தின்கிறது என்பது 2012ல் தெரிந்தது. கணவாய், ஆக்டோபஸ் கூட்டத்தில் இப்படிப் பொறுக்கித் தின்பது வேறெதுவும் இல்லை.

அதன் முன்னோரும் அப்படித்தானா? பிரான்ஸில் லா வூல்ட் என்ற இடத்தில் 16.4 கோடி ஆண்டுப் பழைய உறவினர் கல்லாகிக் கிடக்கிறது. சப்பையாக நசுங்காமல், சதை உருவத்தோடு. 2022ல் அதைச் சக்திவாய்ந்த எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்தபோது கைகளில் பிடிப்பான உறிஞ்சிகள் தெரிந்தன. அது இரையைத் துரத்திப் பிடித்த வேட்டைக்காரன். 'வாழும் புதைபடிவம்' என்று இந்த உயிர்களைச் சொல்லும்போது அவை மாறாமல் உறைந்துபோனவை என்ற எண்ணம் வருகிறது. இங்கே வடிவம் ஓரளவு நின்றிருக்கிறது, பிழைப்பு முற்றிலும் மாறியிருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஹங்கேரியில் ஒரு சாட்சி. 1942ல் மிக்லோஷ் கிரெட்சோய் 3 கோடி ஆண்டுப் பழைய ஓர் ஓட்டை விவரித்தார். 1956 புரட்சியில் அருங்காட்சியகம் தீப்பிடித்தபோது அதுவும் எரிந்துவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். 2019ல் புடாபெஸ்ட் சேகரத்திலேயே அது கண்ணில் பட்டது! மறுபடி ஆராய்ந்தால் அது வேம்பயர் கணவாயின் உறவு. படிந்திருந்த மண்ணின் வேதியியல், அது ஆக்ஸிஜன் குறைந்த ஆழ்நீரில் வாழ்ந்ததைக் காட்டியது. ஆகவே 3 கோடி ஆண்டுக்கு முன்பே இடம் மாறியாகிவிட்டது.

◆ இன்று திமிங்கிலம் செத்துக் கடலடியில் விழுந்தால், எலும்பின் கொழுப்பு அழுகிக் கிளம்பும் கந்தகத்தை நம்பி ஒரு கூட்டமே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. 1987ல் கலிபோர்னியா அருகே தெரியவந்த சங்கதி. திமிங்கிலங்கள் பிறப்பதற்கு முன்? ஜப்பானின் ஹொக்கைடோவில் டைனோசர் காலத்து பிளீசியோசர் என்ற கடல் ஊர்வனவற்றின் எலும்புகளைச் சுற்றி, இன்றைய கடலடி ஊற்றுகளில் வாழும் நத்தைகளின் உறவினர்களை 2008ல் அடையாளம் கண்டார்கள். விருந்து வைப்பவர் மாறினார், விருந்தாளி அதே வம்சம்.

◆ கடைசியாக, நம் இந்தியப் பெருங்கடலுக்கே உரிய ஓர் உயிர். மொரீசியஸுக்குக் கிழக்கே 'கைரெய்' என்ற கடலடி வெந்நீர் ஊற்றில், 2,400 மீட்டர் ஆழத்தில் 2001ல் கண்ட செதில்கால் நத்தை. பாதம் முழுக்க நூற்றுக்கணக்கான செதில்கள். செதில்களிலும் ஓட்டின் மேலும் இரும்பு சல்ஃபைடு பூச்சு. உயிருள்ள விலங்குகளில் இப்படி இரும்புத் தாதுவை மேலே அணிந்தது வேறில்லை. தொண்டைப் பக்கத்து உறுப்பு ஒன்றில் பாக்டீரியாக்களைக் குடிவைத்து, அவை சமைப்பதை உண்டு வாழ்கிறது. அவற்றுக்கும் சேர்த்து ஆக்ஸிஜன் இறைக்க, உடல் கனஅளவில் 4 சதவீதம் இதயம்.

50 கோடி ஆண்டுக்கு முந்திய கேம்பிரியன் பாறைகளில் உடலெங்கும் செதில் போர்த்திய உயிர்கள் உண்டு. கிரீன்லாந்தின் ஹால்கீரியா அவற்றில் புகழ்பெற்றது. செதில்கால் நத்தை அவற்றின் நேர் வாரிசா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. இல்லை. இது தனியாகப் பிற்காலத்தில் பெற்ற செதில். ஆனால் 2020ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், செதில் செய்யும் கருவிகள் மெல்லுடலிகள் ஓடு செய்யப் பயன்படுத்தும் மிகப் பழைய கருவிகளே என்று காட்டினார்கள். பழைய பட்டறை, புதிய சரக்கு.

2019ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிராக அறிவித்தது. கடலடிச் சுரங்க ஆபத்துக்காக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் வெந்நீர் ஊற்று உயிர் இதுதான். அப்போது தெரிந்திருந்த வாழிடங்கள் மூன்று. அவற்றில் இரண்டு, தாமிரமும் துத்தநாகமும் தங்கமும் தேடும் சுரங்க ஆய்வு உரிமப் பகுதிகளுக்குள் இருந்தன. இந்தியாவும் 2016ல் இந்தப் பெருங்கடலின் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் அதே கனிமங்களைத் தேட ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். அது கீழே போகும்போது கனிமத்துக்கு முன்னால் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும், ஒவ்வொரு ஊற்றிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு கையில் வராதவரை ஊற்றுகளின் மேல் இயந்திரம் இறங்கக் கூடாது.